விளக்கெண்ணெய் மணக்கும் வேகக் கோட்டை

லண்டனுக்குப் போய்த் திரும்பியவர்களிடம் நாம் கேட்கும் கேள்விகளுக்கு ஒரு வரிசை உண்டு. "அரண்மனை பார்த்தாயா? தேம்ஸ் நதி பார்த்தாயா? மெழுகுப் பொம்மை பார்த்தாயா?" என்று கேட்போம். "புரூக்லாண்ட்ஸ் பார்த்தாயா?" என்று யாரும் கேட்பதில்லை. என்னையும் ஒருவரும் கேட்கவில்லை. ஆனால் பார்த்தவை அத்தனையிலும் என் மனத்தை விட்டு அகலாமல் நிற்பது அந்த இடந்தான். ஆகையால் கேட்காமலே சொல்லப் போகிறேன்.

முதலிலேயே ஒன்றை ஒப்புக்கொண்டு விடுகிறேன். எனக்கும் மோட்டார்ப் பந்தயத்துக்கும் காத தூரம். பஸ் கொஞ்சம் வேகமாகப் போனாலே முன் சீட்டுக் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு, தெரிந்த தெய்வங்களின் பெயர்களையெல்லாம் வரிசையாகச் சொல்லுகிற ரகம் நான். அப்படிப்பட்டவளைப் பந்தயம் நடந்த இடத்துக்கே அழைத்துப் போனது என் மாப்பிள்ளையின் சாமர்த்தியம்.

"அத்தை, இந்த ஞாயிற்றுக்கிழமை உங்களுக்கு ஒரு பழைய கோட்டையைக் காட்டப் போகிறேன்" என்றார்.

"எந்த ராஜா கட்டியது, மாப்பிள்ளை?"

"கிங் என்பவர் கட்டியது" என்றார், முகத்தில் சிரிப்பின் சாயலே இல்லாமல்.

பக்கத்தில் இருந்த பேத்தி மீனு குபீரென்று சிரித்தாள். அப்போதே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

இந்த மீனுவைப் பற்றி ஒரு வார்த்தை. பதினேழு வயது. அந்த ஊரில் பதினேழு நிறைந்தால் கார் ஓட்டப் பழகலாம். அவளுக்குப் பட்டுப் புடவையில் ஆசை இல்லை. பலகாரத்தில் ஆசை இல்லை. காரின் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு கை நிறையக் கறுப்பு மசியோடு நிற்பதில்தான் ஆசை. "பாட்டி, நான் ஓட்டுகிற காரில் ஒரே ஒரு தடவை நீ ஏறி வர வேண்டும்" என்று நான் போன நாளிலிருந்து கெஞ்சிக்கொண்டிருந்தாள். எனக்கு ஒரு நாள் தலைவலி, ஒரு நாள் முழங்கால் வலி, ஒரு நாள் ஏகாதசி. இப்படியே மூன்று வாரங்களைக் கடத்தியிருந்தேன். பெரிய பெண்ணான பிறகு பந்தயக் கார் ஓட்டப் போவதாக அவள் சொன்ன தினத்தில் எனக்கு இரவு முழுவதும் தூக்கம் இல்லை. ஊருக்குத் திரும்புமுன் அவளிடம் சத்தியம் வாங்கிவிட வேண்டும் என்று உள்ளுக்குள் ஒரு தீர்மானம் வைத்திருந்தேன்.

வாணலியின் விளிம்பு

வாட்டர்லூ ஸ்டேஷனில் ரயில் ஏறினால் அரை மணியில் வேப்ரிட்ஜ் என்ற சிற்றூர் வருகிறது. ஸர்ரே ஜில்லாவில் இருக்கிறது. வீட்டுக்கு வீடு தோட்டம், தோட்டத்துக்குத் தோட்டம் ரோஜா. இங்கே கோட்டை எங்கே இருக்கப் போகிறது என்று நினைத்துக்கொண்டே நடந்தேன். மரங்களுக்கு நடுவே திடீரென்று ஒரு சுவர் எழுந்து நின்றது.

சுவர் என்றா சொன்னேன்? அது சுவரும் இல்லை, தரையும் இல்லை. பெரிய வாணலி ஒன்றை உடைத்து, அதன் விளிம்புத் துண்டை மட்டும் பூமியில் பதித்து வைத்தால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது. அடியில் சமதளமாகத் தொடங்கி, மேலே போகப் போகச் செங்குத்தாகிக் கிட்டத்தட்ட 29 அடி உயரத்துக்கு நிற்கிறது. அகலம் 100 அடி. முழுவதும் சிமெண்டுக் கான்கிரீட். விரிசல்களில் புல்; ஓரங்களில் பாசி; உச்சியில் மரக்கிளைகள் தலை நீட்டுகின்றன.

"இதன் மேலே எப்படி ஏறுவார்கள், மாப்பிள்ளை?"

"ஏறுவதில்லை, அத்தை. இதன் மேலே கார் ஓட்டுவார்கள்."

நம் ஊர்ப் பொருட்காட்சிகளில் 'மரணக் கிணறு' பார்த்திருப்பீர்கள். கிணறு போன்ற மரக்கூண்டுக்குள், சுவரை ஒட்டியே ஒருவன் மோட்டார் சைக்கிளில் சுற்றிச் சுற்றி வருவான். வேகம் அவனைச் சுவரோடு அழுத்திக்கொள்வதால் விழமாட்டான். அதே தத்துவந்தான் இங்கேயும். வளைவில் வேகமாகத் திரும்புகிற காரை வெளிப்பக்கம் தள்ளுகிற விசை ஒன்று உண்டு. பாதையையே உள்பக்கமாகச் சாய்த்துவிட்டால் கார் வெளியே பறந்து போகாமல், பாதையோடு அழுந்தி ஓடும். மரணக் கிணற்றுக்குச் சுற்றளவு சில கஜம்; இதற்கோ 2¾ மைல்! உலகத்திலேயே மோட்டார்ப் பந்தயத்துக்கென்று தனியாகக் கட்டப்பட்ட முதல் ஓடுபாதை இதுதான். திறந்த வருஷம் 1907.

நகையை விட்டுச் சாலை போட்டவர்கள்

'கிங்' என்ற பெயர் கொண்ட ராஜா யார் என்று இப்போது சொல்லிவிடுகிறேன். ஹியூ லாக் கிங் என்பவர் இந்தப் பகுதியின் பெரிய நிலச்சுவான்தார். 1905-ல் மனைவி எதெலுடன் இத்தாலிக்குப் போனவர், பிரெஷியா நகரில் ஒரு மோட்டார்ப் பந்தயத்தைப் பார்த்தார். அதில் இங்கிலாந்துக் கார் ஒன்றுகூட இல்லை. ஏன் இல்லை என்று கேட்டபோது காரணம் தெரிந்தது. இங்கிலாந்தில் சாலைகளில் மணிக்கு 20 மைலுக்கு மேல் போகக்கூடாது என்று சட்டம். ஓட்டிப் பார்க்கவே இடம் இல்லாத நாட்டில் வேகமான கார் எப்படிப் பிறக்கும்?

"நம் நிலத்தில் நாமே ஒரு பாதை போடுவோம்" என்று தீர்மானித்தார் மனிதர். பீரங்கிப் படையைச் சேர்ந்த கர்னல் ஹோல்டன் என்பவர் திட்டம் வகுத்துக் கொடுத்தார். நூற்றுக்கணக்கான தொழிலாளர்கள் மரங்களை வெட்டி, மண்ணைக் குவித்து, வே நதிக்குக் குறுக்கே பாலமும் கட்டி ஓர் ஆண்டுக்குள் முடித்துவிட்டார்கள். ஆன செலவு சுமார் 1,50,000 பவுன். அந்தக் காலத்தில் அது ஒரு சமஸ்தானத்தின் வரவு செலவு!

வீடு கட்டியவர்களுக்கும் கல்யாணம் செய்து வைத்தவர்களுக்கும் ஒன்று தெரியும். போட்ட திட்டம் வேறு. ஆன செலவு வேறு. லாக் கிங்குக்கும் அதே கதிதான். கடன் கழுத்தை நெரித்தது. கவலையில் உடம்பும் படுத்துக்கொண்டது. அப்போது கணக்குப் புத்தகத்தைக் கையில் எடுத்தவள் எதெல் அம்மாள். பிறந்த வீட்டாரிடம் உதவி கேட்டுப் பெற்று, கடன்காரர்களைச் சமாளித்து, வேலையை முடித்து வைத்தாள். 'நகையை விட்டு' என்று தலைப்பில் எழுதியது நம் ஊர் வழக்குச் சொல். ஆனால் நம் வீடுகளில் முடை வந்த நேரத்தில் பெண்கள் செய்கிறதைத்தான் அந்தச் சீமாட்டியும் செய்திருக்கிறாள்.

1907-ம் வருஷம் ஜூன் 17-ந் தேதி திறப்பு விழா. கார்கள் ஊர்வலமாகப் பாதையைச் சுற்றி வந்தன. எல்லாவற்றுக்கும் முன்னால் சென்ற இத்தாலா காரை ஓட்டியது எதெல் அம்மாளேதான்.

"பார்த்தாயா, பாட்டி?" என்று மீனு என் கையைக் கிள்ளினாள்.

"பார்த்தேன், பார்த்தேன். அவள் கல்யாணமானவள்" என்றேன். வேறு என்ன சொல்வதென்று அப்போது தோன்றவில்லை.

திறந்த பதினோரே நாட்களில் எட்ஜ் என்பவர் ஒரு விபரீதம் செய்தார். 24 மணி நேரம் ஒருவராகவே நேப்பியர் கார் ஓட்டிக் காட்டுவதாகச் சபதம். மனித உடம்பு அதைத் தாங்காது என்று பயமுறுத்தியவர்கள் உண்டாம். இரவுக்காகப் பாதை ஓரமெங்கும் நூற்றுக்கணக்கான சிவப்பு ரயில் லாந்தர்களை ஏற்றி வைத்தார்கள். நம் ஊர்க் கார்த்திகையை நினைத்துக்கொள்ளுங்கள்! மனிதர் 1,581 மைல் ஓட்டிவிட்டு இறங்கினார். சராசரி மணிக்குக் கிட்டத்தட்ட 66 மைல். ஆனால் அன்றிரவு தூக்கம் இழந்த அக்கம்பக்கத்தார் போட்ட கூச்சலில், அதற்குப் பிறகு இரவு ஓட்டமே நின்றுபோயிற்று.

மோட்டார்ப் பந்தயம் எப்படி நடத்துவது என்று அப்போது யாருக்கும் தெரியாது. ஆகவே குதிரைப் பந்தயத்தைப் பார்த்துக் காப்பி அடித்தார்கள். கார் ஓட்டுகிறவர்கள் ஜாக்கிகளைப் போல வர்ணச் சட்டை அணிந்தார்கள். பந்தயம் கட்டிப் பணம் வாங்குகிறவர்கள்கூட வந்தார்கள்!

கொடுத்த வாக்கு

அந்தச் சாய்வுப் பாதையில் மெதுவாகக் கொஞ்ச தூரம் ஏறினோம். ஏறிக் கீழே பார்த்தால் தலை சுற்றுகிறது. அங்கே உட்கார வைத்துத்தான் மாப்பிள்ளை பெர்ஸி லாம்பர்ட்டின் கதையைச் சொன்னார்.

1913-ம் ஆண்டு பிப்ரவரி 15-ந் தேதி. தால்பாட் காரில் லாம்பர்ட் இந்தப் பாதையை ஒரு மணி நேரம் சுற்றினார். கடிகாரத்தை நிறுத்திக் கணக்குப் பார்த்தபோது 103 மைலுக்கு மேல் ஓடியிருந்தது. ஒரு மணி நேரத்தில் நூறு மைலைக் கடந்த முதல் மனிதர் அவர்தான். உலகம் முழுதும் பேர். ஆனால் இரண்டு மாதத்துக்குள்ளேயே வேறொருவர் அதை முறியடித்துவிட்டார்.

லாம்பர்ட்டுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. "விட்ட பேரைப் பிடித்துவிடுகிறேன். அதோடு பந்தயத்தை விட்டுவிடுகிறேன்" என்று அந்தப் பெண்ணுக்கு வாக்குக் கொடுத்திருந்தாராம். அதே வருஷம் அக்டோபர் 31-ந் தேதி, வாக்கைக் காப்பாற்றுவதற்கு முந்திய கடைசி ஓட்டம். சுற்றிக்கொண்டிருக்கையில் பின் டயர் வெடித்தது. கார் புரண்டது. வயது 32. லண்டனில் பிராம்ப்டன் மயானத்தில் அவருடைய சமாதி இருக்கிறது.

அவருடைய ஆவி இன்னும் அந்தப் பக்கம் உலவுவதாகச் சிலர் சொல்வதுண்டு. எனக்கு ஆவியைப் பற்றிக் கவலை உண்டாகவில்லை. பெயர்கூடக் கேட்டுக்கொள்ளாத அந்தப் பெண்ணைப் பற்றித்தான் கவலையாக இருந்தது. கல்யாணத்துக்கு என்னென்ன வாங்கி வைத்திருந்தாளோ! வாக்குக் கொடுத்தவன் பொய் சொல்லவில்லை. வாங்கியவள் அதிகமாக ஒன்றும் கேட்கவுமில்லை. நடுவில் ஒரு டயர்!

மீனு பேசாமல் உட்கார்ந்திருந்தாள். சத்தியம் வாங்க இதைவிட நல்ல சமயம் கிடைக்காது என்று எனக்குத் தோன்றியது. ஆனால் தொண்டையில் வார்த்தை எழவில்லை.

இருபத்து நான்கு லிட்டர்!

1991-ல் இந்த இடத்தைக் காட்சிசாலையாகத் திறந்திருக்கிறார்கள். பழைய கொட்டகைகளில் பழைய கார்கள். அங்கே நிற்கிற வெள்ளி நிற ராட்சதன் ஒருவனைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. பெயர் நேப்பியர் ரெயில்டன். 1933-ல் இந்த மைதானத்தின் தொழிற்கூடத்திலேயே பிறந்தவன். இதை வடிவமைத்தவர் ரீட் ரெயில்டன். ஓட்டியவர் ஜான் காப் என்ற ஆஜானுபாகுவான ரோமத்தோல் வியாபாரி.

"இதன் என்ஜின் 24 லிட்டர், அத்தை" என்றார் மாப்பிள்ளை.

"பெட்ரோலா?"

"இல்லை. என்ஜினின் வயிறு."

எனக்குப் புரிய வேண்டுமே! பிறகு மீனு சொன்ன உதாரணம் பிடிபட்டது. என்ஜினுக்குள் இருக்கிற ஒவ்வோர் உருளையையும் ஒரு பிரஷர் குக்கர் என்று நினைத்துக்கொள்ள வேண்டும். நம் வீட்டுச் சிறு கார்களில் மூன்று, நான்கு குக்கர். எல்லாம் சேர்ந்தாலே ஒரு லிட்டர் கொள்ளளவுக்கு மேல் அதிகம் போகாது. நேப்பியர் ரெயில்டனிலோ பன்னிரண்டு குக்கர். ஒவ்வொன்றும் இரண்டு லிட்டர்! நான்கு நான்காக மூன்று வரிசை. உண்மையில் இது ஆகாய விமானத்துக்காகச் செய்த என்ஜின். முதல் உலக யுத்தம் முடிந்த பிறகு விமான என்ஜின்கள் மலிவாகக் கிடைத்தன. அவற்றைக் காரில் பொருத்துகிற பைத்தியம் அந்தத் தலைமுறையைப் பிடித்துக்கொண்டது. ஸ்பொரோவ்ஸ்கி என்ற பிரபு 23 லிட்டர் மேபாக் என்ஜினை வைத்து 'சிட்டி பாங் பாங்' என்று ஒரு கார் செய்து இங்கே ஓட்டினார். குழந்தைகளுக்குத் தெரிந்த பறக்கும் காரின் கதைக்கு அந்தப் பெயர் வந்தது இதனால்தான். அவரும் 1924-ல் இத்தாலியில் மோன்ஸா பந்தயத்தில் மாண்டார்.

இவ்வளவு பெரிய என்ஜினைக் கட்டியவர்கள், நேப்பியர் ரெயில்டனின் முன் சக்கரங்களுக்குப் பிரேக்கே வைக்கவில்லை. ஓடுவதற்குத்தானே செய்தார்கள், நிற்பதற்கா? 1935 அக்டோபரில் காப் இதில் மணிக்கு 143.44 மைல் வேகத்தில் ஒரு சுற்றுச் சுற்றினார். அந்தக் கணக்கை அப்புறம் யாரும் மிஞ்சவில்லை. மிஞ்ச மைதானமே இல்லாமல் போய்விட்டது. பாதையின் கான்கிரீட் நாளடைவில் ஆங்காங்கே அமுங்கி, நதிப் பாலத்தருகே பெரிய மேடாகிவிட்டது. இந்த இரண்டு டன் வாகனம் அந்த மேட்டில் நான்கு சக்கரங்களும் தரையில் படாமல் அந்தரத்தில் பறக்கிற புகைப்படம் ஒன்று இருக்கிறது. சீதா தேவி பார்த்திருந்தால் புஷ்பக விமானம் என்றே நினைத்திருப்பாள்.

நாங்கள் போன அன்று விசேஷ தினம். பழைய கார் ஒன்றை வெளியே தள்ளி வந்து முடுக்கிக் காட்டினார்கள். நரைத்த மீசைத் தொண்டர் ஒருவர் குனிந்து ஏதோ திருகினார். முதலில் ஓர் இருமல். பிறகு ஓர் உறுமல். பிறகு என் காலடி மண்ணே அதிர்ந்தது. கோயில் திருவிழாவில் அதிர்வேட்டுப் போடும்போது நெஞ்சுக்குள் 'திம்' என்று ஒன்று விழுமே, அது நிற்காமல் விழுந்துகொண்டே இருந்தால் எப்படியோ அப்படி. கூடவே ஒரு வாசனை வந்தது. எனக்குத் தெரிந்த வாசனை.

"மாப்பிள்ளை! இது விளக்கெண்ணெய் அல்லவா?"

அவர் திகைத்துப் போனார். "எப்படிக் கண்டுபிடித்தீர்கள், அத்தை?"

கண்டுபிடிக்காமல் என்ன? மாதம் ஒரு தடவை எங்கள் பாட்டி மூக்கைப் பிடித்துப் புகட்டியது விளக்கெண்ணெய். இராத்திரி மாடத்தில் எரிந்ததும் விளக்கெண்ணெய். அதே ஆமணக்கு எண்ணெயைத்தான் அந்நாளில் பந்தய என்ஜின்களுக்கு ஊற்றினார்களாம். எவ்வளவு சூட்டிலும் அது நீர்த்துப் போகாமல் உலோகத்தோடு ஒட்டிக்கொள்ளும். ஓடி முடிந்ததும் வடித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் பிசுக்காகிக் கெட்டுவிடும். 'காஸ்ட்ரால்' என்ற பெயர்கூட ஆமணக்கின் ஆங்கிலப் பெயரிலிருந்து பிறந்ததுதான். அந்த ஊர்க் கிழவர்களுக்கு அந்த மணம் பட்டால் இளமை திரும்பிவிடுமாம். அங்கே நின்றிருந்த இரண்டு மூன்று பேர் கண்களை மூடிக்கொண்டு மூச்சை இழுத்ததை நானே பார்த்தேன். அவர்களுக்கு அது பந்தயம். எனக்கு எங்கள் பாட்டி. வாசனை ஒன்றுதான்.

இன்னொருவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். பாரி தாமஸ் என்ற வேல்ஸ் நாட்டு என்ஜினீயர் இந்த மைதானத்துக்குள்ளேயே ஒரு சிறு வீட்டில் குடியிருந்தார். ஸ்பொரோவ்ஸ்கி விட்டுப்போன 27 லிட்டர் காரை 125 பவுனுக்கு வாங்கி, அதற்கு 'பாப்ஸ்' என்று செல்லப் பெயர் வைத்து, 1926-ல் உலகச் சாதனை செய்தார். மறு வருஷம் மார்ச் 3-ந் தேதி, வேல்ஸில் பென்டைன் கடற்கரை மணலில் அதே காரில் உயிர் விட்டார். காரை அங்கேயே மணலில் புதைத்துவிட்டார்கள். அவரை மைதானத்துக்கு அருகே பைஃப்ளீட் மாதா கோயில் தோட்டத்தில் அடக்கம் செய்தார்கள். 42 வருஷம் கழித்து, 1969-ல், காரை மட்டும் தோண்டி எடுத்துப் பழுது பார்த்து மறுபடியும் ஓட வைத்துவிட்டார்கள். இரும்புக்கு மறுபிறவி உண்டு, மனிதனுக்குத்தான் இல்லை.

ஜான் காப்பும் கடைசியில் 1952-ல், லாக் நெஸ் ஏரியில், வேகப் படகு உடைந்து இறந்தார்.

கைக்கண்ணாடியும் தங்க நட்சத்திரமும்

"இத்தனை பேர் செத்த இடத்தை ஏன் கொண்டாட வேண்டும்?" என்று நான் கொஞ்சம் கோபமாகவே கேட்டுவிட்டேன்.

மீனு பதில் சொல்லாமல் என்னை ஒரு சுவரில் இருந்த படங்களுக்கு முன்னால் நிறுத்தினாள். எல்லாம் பெண்கள்.

டாரதி லெவிட் என்பவள் எட்ஜின் காரியாலயத்தில் வேலை பார்த்தவள். 1906-ல் மணிக்கு 90 மைலுக்கு மேல் ஓட்டியவள். மறு வருஷம் புரூக்லாண்ட்ஸ் பந்தயத்துக்கு மனுப் போட்டாள். பெண் என்பதால் மறுத்துவிட்டார்கள். எதெல் அம்மாள் கட்டிய பாதையில், பெண்ணுக்கு இடமில்லை! லெவிட் சும்மா இருக்கவில்லை. 1909-ல் பெண்களுக்காகக் காரோட்டும் புத்தகம் ஒன்று எழுதினாள். பின்னால் வருவதைப் பார்க்க ஒரு கைக்கண்ணாடி வைத்துக்கொள்ளுங்கள் என்று அதில் யோசனை சொன்னாள். காருக்குள் பின்புறம் பார்க்கும் கண்ணாடி வழக்கத்துக்கு வருமுன்னரே ஒரு பெண்ணின் பொட்டுக் கண்ணாடி அந்த வேலையைச் செய்திருக்கிறது.

1908-ல் பெண்களுக்கென்று ஒரு பந்தயம் வைத்தார்கள். பரிசு, ஒரு கைவளை. மியூரியல் தாம்ஸன் ஜயித்தாள். ஆனால் ஆண்களோடு சமமாக ஓட இன்னும் பல வருஷம் காத்திருக்க வேண்டியிருந்தது. 1932-ல் எல்ஸி விஸ்டம், ஜோன் ரிச்மண்ட் என்ற இரண்டு பெண்கள் 1,000 மைல் பந்தயத்தில் ஆண்களையும் தோற்கடித்து முதலாவதாக வந்தார்கள்.

கே பெட்ரியின் படத்தின் முன் நெடுநேரம் நின்றேன். உயரம் ஐந்தடிகூட இல்லை. 10½ லிட்டர் டெலாஜ் காரில் கால் எட்டுவதற்காகப் பெடல்களில் மரக்கட்டை கட்ட வேண்டியிருந்ததாம். 1935 ஆகஸ்டில் இவள் மணிக்கு 134.75 மைலில் ஒரு சுற்று வந்தாள். சில நாளிலேயே க்வெண்டா ஸ்டீவர்ட் என்பவள் 135.95 மைலில் வந்து அதை மிஞ்சினாள். இரண்டு வருஷம் கழித்து ஒத்திகையின்போது வேறொரு கார் மேலிருந்து சறுக்கி வந்து பெட்ரியின் காரில் மோதியது. பிழைத்தாள், ஆனால் பழைய ஓட்டம் போயிற்று. மூலையில் உட்கார்ந்து அழுதாளா? இல்லை. பத்திரிகையில் எழுதினாள். பிற்பாடு கார்க் கம்பெனி ஒன்றுக்கு எந்த நிறம் எதற்குப் பொருந்தும் என்று ஆலோசனை சொல்லும் வேலையில் அமர்ந்தாள். 1994 வரை வாழ்ந்தாள்.

கடைசிப் படம் பியாட்ரிஸ் ஷில்லிங். 1934-ல் நார்டன் மோட்டார் சைக்கிளில் மணிக்கு 106 மைல் வேகத்தில் சுற்றித் தங்க நட்சத்திரப் பதக்கம் வாங்கினவள். "நீங்களும் நூறு மைல் ஓட்டிப் பதக்கம் வாங்கினால்தான் கல்யாணம்" என்று மாப்பிள்ளையிடம் நிபந்தனை போட்டாள் என்று வேடிக்கையாகச் சொல்வார்கள். வரதட்சிணை கேட்கிற நம் ஊர்ப் பையன்களிடம் இதைச் சொல்லிப் பார்க்கலாம்!

ஆனால் அவளுடைய பெருமை பதக்கத்தில் இல்லை. அவள் என்ஜினீயர். இரண்டாவது உலக யுத்தத்தில், இங்கிலாந்தின் சண்டை விமானங்கள் சட்டென்று மூக்கைக் கவிழ்த்துப் பாய்ந்தால் மெர்லின் என்ஜின் திணறி நின்றுவிடும். பெட்ரோல் ஓட்டம் தாறுமாறாகிவிடுவதுதான் காரணம். எதிரி விமானத்துக்கு அந்தக் குறை கிடையாது. விமானிகள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு பறந்தார்கள். 1941-ல் ஷில்லிங் ஓட்டை போட்ட ஒரு சிறு பித்தளைத் தகட்டைப் பெட்ரோல் வழியில் வைத்து, வேண்டிய அளவு பெட்ரோல் மட்டும் போகும்படி செய்துவிட்டாள். பித்தளைக் குழாயில் வைக்கிற வாஷர் மாதிரி ஒரு துண்டு! அது எத்தனை தாய்மார்களின் பிள்ளைகளை வீடு திரும்ப வைத்ததோ, யார் எண்ணினார்கள்?

பாதை நின்றது

1939 ஆகஸ்ட் 7-ந் தேதி இங்கே கடைசிப் பந்தயம் நடந்தது. அடுத்த மாதம் யுத்தம். மைதானம் முழுதும் விமானத் தொழிற்சாலைகளின் கைக்குப் போயிற்று. ஹரிகேன் விமானம் முதன்முதலில் வானில் எழுந்தது 1935-ல் இந்த மைதானத்திலிருந்துதான். வெல்லிங்டன் குண்டு விமானமும் இங்கே பிறந்ததே. 1940 செப்டம்பர் 4-ந் தேதி ஜெர்மன் குண்டு விழுந்து தொழிற்சாலையில் 80 பேருக்கு மேல் மாண்டார்கள். தொழிற்சாலைக்காகப் பாதையை இடையிடையே வெட்டினார்கள். யுத்தம் முடிந்ததும், 1946-ல், நிலத்தை விமானக் கம்பெனிக்கே விற்றுவிட்டார்கள். ஹியூ லாக் கிங் 1926-லேயே காலமாகிவிட்டார். எதெல் அம்மாள் மட்டும் 1956 வரை இருந்தாள். தான் கடன் பட்டுக் கட்டிய பாதையில் புல் முளைப்பதையும் அவள் பார்த்தாள்.

பாதை போனாலும் வேகம் போகவில்லை. கன்கார்டு விமானத்தின் பகுதிகள் இங்கே உருவாயின. காட்சிசாலையிலும் ஒரு கன்கார்டு நிற்கிறது. 2017-ல் பழைய பந்தய முடிவுப் பாதையை மறைத்திருந்த கொட்டகையை நகர்த்தி, பாதையைப் பழையபடி திறந்து வைத்திருக்கிறார்கள். லண்டனுக்குப் போகிறவர்கள் ஒரு நாள் ஒதுக்கிப் போய் வரலாம். குழந்தைகள் ஓடி விளையாட இடம் உண்டு; டீயும் கேக்கும் கிடைக்கும். நல்ல பிடிப்புள்ள செருப்புப் போட்டுக்கொண்டு போங்கள். சாய்வு வழுக்குகிறது.

திரும்புகிற நேரம் ஆயிற்று. ரயிலில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து யோசித்துக்கொண்டே வந்தேன். சத்தியம் வாங்க வேண்டும் என்று வந்தேனே, என்ன செய்வது? வாக்கு வாங்கிய ஒருத்தி என்ன ஆனாள் என்று பார்த்தேன். வாக்கே கேட்காமல், கூடவே தானும் ஓட்டினவளையும் பார்த்தேன். பயப்படுவது என் பங்கு. அதை யாரும் என்னிடமிருந்து எடுக்க முடியாது. ஆனால் என் பயத்தை மீனுவின் தலையில் கட்டிவிட எனக்கு என்ன உரிமை?

மறு நாள் காலையில் காப்பி குடித்ததும் நானே கேட்டேன்: "மீனு, உன் காரில் கோயிலுக்குப் போய் வரலாமா?"

அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! அப்பா பக்கத்து சீட்டில். நான் பின் சீட்டில். கிளம்புமுன் கண்ணாடியைச் சரி செய்துகொண்டாள். அதில் அவள் கண்கள் எனக்குத் தெரிந்தன. என் கண்கள் அவளுக்கும் தெரிந்திருக்கும். நான் முன் சீட்டின் முதுகை இறுகப் பிடித்துக்கொண்டேன். தெரிந்த தெய்வங்களை எல்லாம் கூப்பிட்டேன். கூடவே, எதற்கும் இருக்கட்டும் என்று, எதெல் அம்மாளையும் ஒரு தடவை கூப்பிட்டுக்கொண்டேன்.

"பாட்டி, வேகம் சரியா இருக்கிறதா?"

எட்டிப் பார்த்தேன். முள் 28-ல் நின்றது.

"போதும் கண்ணு. இதற்கு மேல் வேண்டாம்" என்றேன்.

அதற்கு மேல் அவளும் போகவில்லை.